பள்ளத்தாக்கில் ஏற்றிய கற்பூரம்

டொரொன்டோவில் நான் செய்தி திருத்திக்கொண்டிருந்த தமிழ்ப் பத்திரிகை நின்றபோது, காரை எடுத்துக்கொண்டு தனியாக அரிசோனாவுக்குப் போனேன். சில நாட்களுக்காவது யாருடைய மகனின் கல்யாணத்தைப் பற்றியும், யாருடைய வீட்டு விலையைப் பற்றியும் கேட்காமல் இருக்க வேண்டும் என்பதுதான் திட்டம். அமெரிக்கப் பூர்வகுடிகளான நவஹோ மக்களின் நிலத்தில் இருக்கும் அந்தச் சிவந்த பள்ளத்தாக்குக்குள் அவர்களுடைய வழிகாட்டி இல்லாமல் இறங்க முடியாது. சுற்றுலாக் கொம்பனியின் வாசலில் திறந்த வண்டி ஒன்று நின்றது. பின் இருக்கையில் வயதான கணவனும் மனைவியும் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார்கள். மனைவியின் மடியில் இருந்த டப்பாவிலிருந்து மீன் ரோல்ஸ் மணம் வந்தது.

"தமிழோ?" என்றார் கணவர்.

பொய் சொல்ல நேரம் இருந்தது. சொல்லவில்லை.

டொரொன்டோவுக்குப் பக்கத்தில் பிக்கரிங்கில் வீடு, அரிசோனாவின் பீனிக்ஸில் மகள். மகளிடம் வந்த இடத்தில் வாடகைக்குக் கார் எடுத்து ஊர் பார்க்க வந்திருந்தார்கள். நான் இருப்பது டொரொன்டோவில் மல்வேர்ன் பக்கம் என்று சொன்னதும் எந்தக் கட்டடம், எத்தனையாவது மாடி என்று கேட்டார்கள்.

"தனியவோ வந்தனீங்கள்?" என்றார் மனைவி.

"ஓம் அக்கா."

"அவர் வரேல்லையோ?"

"அப்பிடி ஒருத்தர் இல்லை."

"ஐயோ," என்று சொல்லி டப்பாவைத் திறந்து ஒரு ரோல்ஸ் எடுத்துத் தந்தார். அது அனுதாபத்துக்குத் தரப்பட்ட ரோல்ஸ். நன்றாக இருந்தது. தின்றேன்.

வழிகாட்டி நாற்பது வயது மதிக்கத்தக்க நவஹோப் பெண். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றவில்லை, வணக்கமும் சொல்லவில்லை. "இந்தியர்களா?" என்று கேட்டார்.

"நோ, நோ. சிலோன்," என்றார் கணவர்.

"நல்லது. நானும் இந்தியர் இல்லை." சிரிப்பதற்கு யாருக்கும் இடம் விடாமல் விதிகளைச் சொல்லத் தொடங்கினார். பாறைச் சுவரைத் தொடக்கூடாது. கல் எடுக்கக்கூடாது. வீடுகளைப் படம் பிடிக்கக்கூடாது. நெருப்புக் கூடாது, சிகரெட்கூட. ஒவ்வொரு விதிக்கும் கணவர் தலையாட்டினார்.

வண்டி வற்றிய ஆற்றுமணலில் இறங்கி ஓடியது. இரு பக்கமும் சுவர்கள் செங்குத்தாக எழுந்தன. மேலே வானம் ஒரு பட்டையாகத்தான் தெரிந்தது. உள்ளே எத்தனை குடும்பங்கள் வாழ்கின்றன என்று கேட்டேன். "உங்களுக்கு அது எதற்கு?" என்றார் வழிகாட்டி. பாறையில் கீறியிருந்த உருவங்களைப் பற்றிக் கேட்டேன். "அதைப் பற்றி நான் பேசுவதில்லை." மறுபடி கேட்கவில்லை. எனக்கு அவரைப் பிடிக்கவில்லை. அவருக்கு எங்கள் மூவரையும் பிடிக்கவில்லை என்பது வண்டி ஓட்டிய விதத்திலேயே தெரிந்தது.

நண்பகலில் எண்கோண வடிவான ஒரு மரவீட்டுக்குச் சற்றுத் தள்ளி, மரங்களின் கீழ் நிறுத்தினார். அந்த நிலம் அவருடைய தாயின் தங்கைக்குச் சொந்தம் என்றார். அங்கே நிலம் பெண்வழியாக வருகிறது. யார் உள்ளே வரலாம் என்பதைச் சித்திதான் முடிவு செய்வார். மற்ற வழிகாட்டிகள் எல்லாரையும் அவர் திருப்பி அனுப்பிவிட்டார். "இந்த இடத்துக்கு என்னால் மட்டும்தான் ஆட்களைக் கொண்டுவர முடியும். அதற்காகத்தான் கொம்பனி என்னை வைத்திருக்கிறது. சித்தி வேண்டாம் என்றால் எனக்கு இங்கே வழி இல்லை. மரத்தடியை விட்டு அசையாதீர்கள்." தகவலாகச் சொல்லவில்லை. எச்சரிக்கையாகச் சொன்னார். பிறகு சித்தியைப் பார்க்க வீட்டுப் பக்கம் நடந்தார்.

அவர் போனதும் மனைவி எழுந்தார். மரத்தடிக்குப் பின்னால், சுவரின் அடியில், பாறை உருண்டு திரண்டு முன்னுக்கு வளைந்திருந்தது. தும்பிக்கை மாதிரி. எனக்கும் அப்படித்தான் தெரிந்தது.

"இஞ்சாருங்கோ, பிள்ளையாரப்பா! வெள்ளிக்கிழமையும் அதுவுமா."

"அக்கா, பாறையைத் தொடக்கூடாது எண்டு சொன்னவ."

"அது பாறையை. உது பிள்ளையார்."

கைப்பையில் திருநீற்றுப் பை இருந்தது, கற்பூரமும் இருந்தது. போத்தல் தண்ணீரில் திருநீற்றைக் குழைத்து மூன்று விரலால் இழுத்தார். சிவப்புப் பாறையில் மூன்று வெள்ளைக் கோடுகள். கற்பூரத்தைச் சின்ன மேடொன்றில் வைத்தார். லைட்டரைக் கணவர் நீட்டினார். சிகரெட்டை விட்டுவிட்டதாக வண்டியில் சொன்ன மனிதரிடம் லைட்டர் எப்படி வந்தது என்று மனைவி அப்போது கேட்கவில்லை. சுவாலை எழுந்தது. அதற்கு மேலே பாறை கறுத்தது.

வழிகாட்டி ஓடிவந்தார். கையால் தட்டிக் கற்பூரத்தை மணலில் விழுத்தி, சப்பாத்தால் மிதித்தார். ஒரு கெட்ட வார்த்தையும் சொன்னார், இரண்டு தடவை.

"சப்பாத்தாலை சாமியை மிதிச்சிட்டாள்! பாத்துக்கொண்டு நிக்கிறியளே!" என்று மனைவி கத்தினார். கணவர் ஆங்கிலத்தில், "இது எங்கள் மதம். உனக்கு மரியாதை தெரியாதா?" என்றார்.

"இது எங்கள் வீடு. உங்களுக்குத் தெரியுமா?" என்றார் வழிகாட்டி.

சித்தி வந்தார். குள்ளமான கிழவி, நீளப் பாவாடை. எங்களைப் பார்க்கவே இல்லை. வெள்ளைக் கோடுகளையும் கரியையும் பார்த்தார். தமக்கையின் மகளிடம் தங்கள் மொழியில் ஏதோ கொஞ்சம் சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார். வழிகாட்டி முதல் தடவையாகக் கண்ணாடியைக் கழற்றி, சட்டையில் துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டார். மிச்ச இடங்களைக் காட்டாமலே வண்டியைத் திருப்பினார்.

நான் டொரொன்டோ திரும்பிய அடுத்த மாதம் கணவர் மல்வேர்னில் என் கதவைத் தட்டினார். கட்டடமும் மாடியும் ஞாபகம் வைத்திருந்தார். கையில் ஒரு தாள்.

"தங்கச்சி, கொம்பனிக்கு கம்ப்ளெயின்ற் போட்டிருக்கிறன். சாட்சி இருக்கோ எண்டு கேக்கிறாங்கள். நீங்கள் பேப்பர்க்காரி. இதைத் திருத்தி ஒரு கையெழுத்து வைச்சுத் தாங்கோ. அவளை வீட்டுக்கு அனுப்பிப்போடுவாங்கள்."

வாசலில் நின்றபடியே வாசித்தேன். கும்பிட்டுக்கொண்டிருந்த முதிய பெண்ணை வழிகாட்டி காரணமின்றித் தாக்கவந்தார், இந்துக்களின் தெய்வச் சிலையை உதைத்தார், இனவெறி.

"கற்பூரம் எங்கை, அண்ணை?"

"அது அவங்களுக்கு விளங்காது."

"திருநீறு?"

"அதுவும் தேவையில்லை."

"சிலை எண்டு போட்டிருக்கிறியள். சிலை இருக்கேல்லை. அவ மிதிச்சது கற்பூரத்தை. பாறையிலை அவவின்ரை கால் படேல்லை. நான் பக்கத்திலை நிண்டனான்."

"நீங்கள் ஆரின்ரை பக்கம்?"

"நான் எழுதினா எல்லாத்தையும் எழுதுவன். அவ பேசின கெட்ட வார்த்தையையும்."

"எங்கட சனத்துக்கு எதிரா எழுதப்போறியள். கேக்க வீட்டிலை ஒரு ஆம்பிளை இல்லை, அதுதான் உந்த வாய்." தாளை என் கையிலிருந்து பறித்தார். மூலை கிழிந்தது. லிப்ட் வரும்வரை அவர் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். நான் கதவைச் சாத்தாமல் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அன்று மாலையே கொம்பனிக்கு எழுதினேன். வழிகாட்டி எங்களை மரியாதையாக நடத்தவில்லை. கெட்ட வார்த்தை பேசினார். நெருப்புக் கூடாதென்று முன்பே சொல்லியிருந்தார். நெருப்பு மூட்டப்பட்டது. அணைத்தார். யாரையும் தாக்கவில்லை. அவரை எனக்குப் பிடிக்கவில்லை என்பதை எழுதவில்லை. அது செய்தி அல்ல.

பதில் எங்கள் இருவருக்கும் ஒன்றாக வந்தது. புகாரில் மேற்கொண்டு நடவடிக்கை இல்லை. நிலத்துக்குரியவர் அனுமதியை விலக்கிக்கொண்டதால் அந்த இடத்துக்கு இனிச் சுற்றுலா இல்லை. பாதைக்குப் பொறுப்பாயிருந்த வழிகாட்டி இப்போது தங்களிடம் வேலை செய்யவில்லை.

கால்மணி நேரத்துக்குள் தொலைபேசி அடித்தது.

"பாத்தீங்களே தங்கச்சி? நீங்கள் கையெழுத்து வைக்காட்டிலும் எங்கட கம்ப்ளெயின்ற் வேலை செய்திருக்கு."

"வடிவா வாசியுங்கோ அண்ணை. உங்கட கம்ப்ளெயின்ற்றை அவங்கள் எடுக்கேல்லை. வழியை மூடினது அந்தக் கிழவி. உங்கட கற்பூரத்துக்கு."

அந்தப் பக்கம் மனைவி என்ன என்ன என்று கேட்பது காதில் விழுந்தது. கணவர் மறுமொழியை மனைவிக்கும் சேர்த்துத்தான் சொன்னார்.

"எதுக்கெண்டா என்ன? ஆள் வேலையை விட்டுப் போயிட்டாள்தானே."