கேப்டன் குகதாசன் சொன்ன இரண்டு பதில்கள்

"கேப்டன் போயிட்டாருக்கா" என்று வீராசாமி தொலைபேசியில் சொன்னபோது, "எத்தனை பேரோட?" என்று கேட்டுவிட்டேன்.

என்னைக் குறை சொல்லாதீர்கள். பினாங்கில், பாயான் லெப்பாஸ் விமான நிலையத்தின் ஓரத்தில் இருந்த எங்கள் சிறிய ஹெலிகாப்டர் கம்பெனியில் அந்தச் சொற்களுக்கு ஒரே பொருள்தான். கேப்டன் கிளம்பிவிட்டார், இனி வானொலிப் பக்கத்தில் நான் உட்கார வேண்டும். கம்பெனியை மூடிச் சில ஆண்டுகள் ஆகிவிட்டன. நான் இப்போது கப்பல் சரக்கு அலுவலகம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். இருந்தும் வீராசாமியின் குரலைக் கேட்டதும் பழைய கேள்விதான் வாயில் வந்தது. எங்கள் மெக்கானிக்காக இருந்த அந்த மனிதர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அது இல்லக்கா. காலையில எழுப்பப் போனா எழும்பவே இல்லையாம். கெப்பாலா பத்தாஸ் வீட்டுலதான் இருக்கு. சாயங்காலம் எடுக்கிறாங்க."

கேப்டன் குகதாசனை அறிந்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். அவரோடு பறந்தவர்கள், அவருடைய தராசில் ஏறி முகம் சுளித்தவர்கள், அவரைக் கல்நெஞ்சக்காரர் என்று சொன்னவர்கள், சொல்லாமல் நினைத்தவர்கள் எல்லோரும் இதைப் படிக்கலாம். அவர் எப்படிப்பட்டவர் என்று முடிவாகச் சொல்ல என்னால் ஆகாது. அருகிலேயே இருந்து பார்த்தவள் நான். எனக்கே தெளிவில்லை.

யாழ்ப்பாணத்திலிருந்து ரயில்வே வேலைக்கு வந்த குடும்பத்தின் பிள்ளை அவர். படையில் பறந்துவிட்டு எங்களிடம் வந்தார். எங்களோடு பினாங்குத் தமிழ் பேசுவார். தொலைபேசியில் தம் அம்மாவோடு பேசும்போது மட்டும் "ஓமோம், சாப்பிட்டனான்" என்று வேறு ஆளாகிவிடுவார். பயணிகளை ஏற்றுவதற்குமுன் ஒருவர் விடாமல் எடை பார்ப்பார். ஒருமுறை எங்கள் முதலாளி சொக்கலிங்கம் பாலிக் புலாவிலிருந்து ஒரு கூடை டுரியான் பழத்தோடு வந்து ஏறப் போனார். கேப்டன் கூடையைத் தராசில் வைத்தார், முதலாளியை ஏறச் சொன்னார், தாளில் ஏதோ கூட்டிப் பார்த்தார்.

"முதலாளி, ஒண்ணு டுரியான் வரும், இல்ல நீங்க வருவீங்க. ரெண்டும் வராது."

"என் மெஷின்லா அது!"

"உங்க மெஷின்தான். அதனாலதான் உங்களையே செலக்ட் பண்ணச் சொல்றேன்."

அன்று நாங்கள் எல்லோரும் அந்த டுரியானைத் தின்றோம். முதலாளி பறந்து போனார். அந்த வேடிக்கைக்காகவே பலர் அவரை நினைவில் வைத்திருக்கிறார்கள். நான் சொல்ல வந்தது அதற்குப் பிந்திய கதை.

எண்பதுகளின் நடுவில் எங்கள் பழைய ஒற்றை இன்ஜின் ஹெலிகாப்டரை விற்றுவிட்டு, இரட்டை இன்ஜின் உள்ள சிறிய மெஷின் ஒன்றை வாங்க முதலாளி நினைத்தார். இரண்டு கம்பெனிகள் விளக்கப் புத்தகம் அனுப்பியிருந்தன. ஒன்றின் அட்டை நீலம், இன்னொன்றின் அட்டை வெள்ளை. எங்கள் அலுவலகத்தில் அந்த மெஷின்களுக்கு அவையே பெயராகிவிட்டன. எது நல்லது என்று ஒப்பிட்டுச் சொல்லும் வேலை கேப்டனிடம் வந்தது.

சான்றிதழில் இரண்டுக்கும் உச்ச எடை ஏறக்குறைய ஒன்றுதான். ஆள், எரிபொருள் எண்ணெய், மெஷின் எல்லாம் சேர்ந்து அதற்குமேல் போகக்கூடாது. நீலம் வெறுமனே நிற்கும்போது எடை குறைவு, அதனால் இரண்டு பேரைக் கூடுதலாக ஏற்றலாம். வேகமும் அதிகம். வெள்ளைக்குப் பெரிய இன்ஜின்கள். அந்தக் கனத்துக்கே ஒரு பங்கு போய்விடும். முதலாளிக்கு இதில் யோசிக்க ஒன்றுமில்லை.

"ரெண்டும் ஒரே எடைங்கிறீங்க. நீலத்துல ரெண்டு பேர் கூட வர்றான். அப்புறம் என்ன பேச்சு?"

கேப்டன் எழுந்து கதவைத் திறந்தார். "இந்தப் புத்தகத்தை எழுதினவன் குளுரான ஊர்ல உக்காந்து எழுதினான். நீங்களும் ஏர்கான்ல இருக்கீங்க. வாங்க, வெளிய போய்ப் பேசுவோம்."

உச்சி வெயிலில் எங்களை ஓடுதளத்தின் ஓரத்தில் நிறுத்திவைத்தார். செருப்பு தாரில் ஒட்டியது. முதலாளி கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"இந்தச் சூட்டுல காத்து இளகிப்போயிடும் முதலாளி. விசிறிக்குப் பிடி கிடைக்காது. இன்ஜினும் மூச்சு வாங்கும். நீலத்துல ஆள் நெறைய ஏத்திட்டு ஒரு இன்ஜின் நின்னுச்சுன்னா, இன்னொண்ணு நம்மளை மெதுவாக் கீழ இறக்கும். கீழ கடல்லா. வெள்ளை அப்படி இல்ல. ஒண்ணு நின்னாலும் இன்னொண்ணு வீட்டுக்குக் கொண்டாந்துடும்."

"அவ்வளவு பலம் இருந்தா ஏன் சான்றிதழ்ல எடையைக் கூட்டிக் குடுக்கல?"

அதற்கு அவர் சொன்ன பதில்தான் பிற்பாடு என்னைத் தூங்கவிடாமல் செய்தது. "அது மெஷின் நின்ன இடம் இல்ல, சட்டம் நின்ன இடம். அதுக்கு மேல ஒரு கிலோ போனாலும் பெரிய மெஷினுக்கு உள்ள சோதனை எல்லாம் செய்யணும். எதுக்கு வம்புன்னு கம்பெனிக்காரன் அங்கேயே கோடு போட்டுட்டான். நீலம் தத்தளிச்சு அந்தக் கோட்டுக்கு வருது. வெள்ளை அதைத் தாண்டத் தெம்பு இருந்தும் நிக்குது."

முதலாளிக்கு முழுவதும் புரிந்ததா என்று தெரியாது. வெயில் தாங்காமல் "சரி, வெள்ளை, வெள்ளை" என்று உள்ளே ஓடினார். வெள்ளையையே வாங்கினோம்.

அது வந்து ஒரு வருடம் ஆகியிருக்கும். வடக்கே ஒரு சிறிய தீவில் ஹோட்டல் கட்டிக்கொண்டிருந்தார்கள். அங்கே வேலை பார்த்த மேஸ்திரி சேகரனின் மனைவி தனம் ஆறு மாதக் கர்ப்பிணி. ஒருநாள் மதியம் இரத்தப்போக்கு தொடங்கி நிற்கவே இல்லை என்று அழைப்பு வந்தது. கேப்டன் ஒரு நர்ஸை ஏற்றிக்கொண்டு கிளம்பினார். திரும்பும் வழியில் மழை கட்டிக்கொண்டிருந்தது. சுற்றிக்கொண்டு வர நேரலாம் என்று கிளம்பும்முன்பே எண்ணெயைக் கூடுதலாக ஊற்றச் சொல்லியிருந்தார்.

நான் வானொலியில் இருந்தேன். தீவில் இறங்கிவிட்டார் என்று அறிந்தேன். பிறகு அவர் குரல் வந்தது.

"ராஜி, பேஷண்டும் நர்ஸும் மட்டும் வர்றாங்க. ஹஸ்பண்ட் வரல. அவருக்கு ஒரு போட் பாரு. சீக்கிரம் பாரு."

"ஏன் கேப்டன்?"

"எடை."

கூடுதல் எண்ணெயோடு சேகரனையும் ஏற்றினால் சான்றிதழ் எடை தாண்டிவிடும் என்று புரிந்தது. நான் படகுக்காரர்களை அழைத்தேன். மழை இறங்கிவிட்டது, விட்டபின்தான் வருவோம் என்றார்கள். தனத்தை மருத்துவமனையில் சேர்த்தார்கள். அன்று மாலையே அவளும் போனாள், குழந்தையும் போனது. சேகரன் கரைக்கு வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

மறுநாள் அலுவலகத்தில் ஆளுக்கொரு பேச்சு. முதலாளி என் மேசைக்கு வந்து மெதுவாகச் சொன்னார். "நீலத்தை வாங்கியிருந்தா அவன் ஏறியிருப்பான். சட்டப்படியே ஏறியிருப்பான்." அது உண்மைதான். நீலத்தில் இடம் இருந்திருக்கும். வீராசாமி அதைக் கேட்டுக் கோபப்பட்டார். "கேப்டன் செஞ்சது கரெக்ட்டுக்கா. இன்னிக்கு ஒருத்தருக்கு விட்டுக்கொடுத்தா நாளைக்கு எல்லாரும் கேப்பான்." இருவர் சொன்னதும் எனக்குச் சரியாகவே பட்டது. அப்படிப் பட்டதுதான் வேதனை.

காரியங்கள் முடிந்து சேகரன், மெஷினை நிறுத்தும் எங்கள் ஹாங்கருக்கு வந்தார். பெரிய உடம்புக்காரர். மொட்டையடித்த தலையோடு அந்த வெள்ளை மெஷினின் முன்னால் போய் நின்றார். நானும் வீராசாமியும் பயந்துபோனோம். கேப்டன் கையைத் துடைத்துக்கொண்டு தாமே அவரிடம் போனார்.

"இந்த மெஷினு என்னையும் தூக்கியிருக்காதா?" என்றார் சேகரன்.

"தூக்கும்."

தூக்காது என்று சொல்லியிருந்தால் யார் கண்டார்கள்? யார் கணக்குப் பார்க்கப்போகிறார்கள்?

"அப்புறம் ஏன் ஏத்தல?"

"ஏத்தக்கூடாது."

சேகரன் அடிப்பார் என்று நினைத்தேன். அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். கேப்டனும் சட்டை அழுக்காவதைப் பார்க்காமல் பக்கத்தில் உட்கார்ந்தார். வெகுநேரம் கழித்து சேகரன், "வர்ற வழியில ஏதாச்சும் சொன்னுச்சா?" என்று கேட்டார்.

"நீங்க எங்கன்னு கேட்டாங்க. பின்னாடி போட்ல வர்றாருன்னு சொன்னேன். சரின்னாங்க."

அதற்குப் பிறகு நான் கேப்டனிடம் பலமுறை கேட்டிருக்கிறேன். அந்தக் கோடு சட்டம் போட்ட கோடு, மெஷினின் எல்லை அது இல்லை என்று எங்களுக்கு வெயிலில் நிறுத்திச் சொன்னவர் அவர். அப்படியிருக்க அன்று ஏன் அதைப் பிடித்துக்கொண்டு நின்றார்? ஒருநாள் சொன்னார்: "கோட்டை நானே அழிச்சிட்டா அடுத்த தடவை எங்க நிக்கிறதுன்னு எனக்குத் தெரியாது ராஜி." அது எனக்குப் புரிந்தது. இன்னொரு நாள் கேண்டீனில், நான் கேட்காமலே சொன்னார்: "அன்னிக்குப் பயந்துட்டேனோ என்னவோ." இதைக் கேட்டதும் முதலில் புரிந்ததும் போய்விட்டது. மூன்றாம் முறை கேட்டபோது என்னையே திருப்பிக் கேட்டார். "நீ ஓட்டியிருந்தா ஏத்தியிருப்பியா?" அவர் தேநீரைக் குடித்துவிட்டு எழுந்து போனார்.

இவ்வளவையும் மனதில் போட்டுக்கொண்டுதான் நான் கெப்பாலா பத்தாஸுக்குப் போனேன். பாலத்தில் போகும்போது அழுகை வரும் என்று எதிர்பார்த்தேன், வரவில்லை. வீட்டு வாசலில் கூடாரம் போட்டிருந்தார்கள். அதன் கீழே நரைத்த தலையோடு ஒரு பெரிய மனிதர் நாற்காலிகளை விரித்துப் போட்டுக்கொண்டிருந்தார். சேகரன். இப்போது பாகான் டாலாமில் இருக்கிறாராம். என்னை அடையாளம் கண்டு அருகில் வந்தார்.

"போன தீபாவளிக்கு முன்ன கேப்டன் என் வீட்டுக்கு வந்தாருக்கா. அட்ரஸைத் தேடிக் கண்டுபிடிச்சு வந்தாரு. அன்னிக்கு ஹாங்கர்ல அவசரப்பட்டுத் தூக்கும்னு சொல்லிட்டேன், அப்புறம் உக்காந்து கணக்கை ஒழுங்காப் போட்டேன்னாரு. தீவுல மெஷின் இறங்கின திடலைச் சுத்தி மரம், சூடு வேற. கெளம்பும்போது ஒரு இன்ஜின் நின்னிருந்தா உங்களோட சேத்துத் தூக்கியிருக்காது, தனமும் நாங்களும் எல்லாரும் மரத்துல விழுந்திருப்போம்னு சொன்னாரு. அன்னிலேர்ந்துதான்க்கா நான் ஒழுங்காச் சாப்பிடுறேன்."

ஒரு நாற்காலியை என் பக்கம் விரித்துப் போட்டார்.

"நீங்க அந்த ஆபீஸ்ல இருந்தவங்க. அவர் எனக்காகச் சொன்னாரா, நெசமாவே அப்படித்தானா?"

என் தலைக்குள் எல்லாம் சுற்றியது. அன்று ஹாங்கரில் இரண்டு இன்ஜினும் ஓடுவதை நினைத்துத் தூக்கும் என்றிருக்கலாம். ஒன்று நின்றால் என்று கணக்கிட்டுப் பிறகு தூக்காது என்றிருக்கலாம். அப்படியானால் இரண்டும் உண்மை. ஆனால் ஒன்று நின்றாலும் வெள்ளை தாங்கும் என்று முதலாளியிடம் வாதாடியவரும் அவர்தான். அந்தத் திடல் கடலோரம் என்று நர்ஸ் அப்போது சொன்னதாக எனக்கு நினைவு. கடலோரத்தில் தென்னை இருந்திருக்கலாம். அன்றைய காற்று எந்தப் பக்கம் அடித்தது? நான் அந்தத் தீவைக் கண்ணால் பார்த்ததே இல்லை. எல்லாவற்றையும் நான் ஒரு வானொலிப் பெட்டி வழியாகத்தான் அறிந்தேன். கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்றால், கேட்க வேண்டியவர் உள்ளே மாலையோடு படுத்திருந்தார்.

"கேப்டன் கணக்குப் போட்டுச் சொன்னா, அதை நான் ஒருநாளும் மாத்திப் பார்த்தது இல்ல தம்பி" என்றேன்.

அது பொய்யில்லை. அவர் கேட்ட கேள்விக்குப் பதிலும் இல்லை. சேகரன் தலையசைத்தார். உள்ளே பறை தொடங்கியது. அவர் தோள்துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு, தூக்குகிறவர்களோடு போய்ச் சேர்ந்துகொண்டார். பாடை எழும்பும்போது அவர் பக்கம் சற்று உயர்ந்து நின்றது. வீராசாமி, "இறக்கிப் பிடிங்கண்ணே" என்றார். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

கேப்டன் குகதாசன் அன்று செய்தது சரியா என்று என்னிடம் கேட்காதீர்கள். சேகரனிடம் அவர் சொன்ன இரண்டு பதில்களில் எது கருணை, எது கணக்கு என்றும் கேட்காதீர்கள். எனக்குத் தெரியாது, இனித் தெரியப்போவதும் இல்லை. அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது ஒன்றே ஒன்று. மனைவியை இழந்த அந்த மனிதர் வாசலில் வந்து நின்றபோது அவர் உள்ளறைக்குப் போய் ஒளிந்துகொள்ளவில்லை. ஆண்டுகள் கழிந்து எல்லோரும் மறந்தபிறகும் பாகான் டாலாமில் அட்ரஸைத் தேடிப் போய்க் கதவைத் தட்டினார். தூக்கும் என்று சொன்னபோதும், தூக்கியிருக்காது என்று சொன்னபோதும், எதிரே இருந்தவரின் முகத்தைப் பார்த்துச் சொன்னார். அது போதுமா என்று தெரியவில்லை. ஆனால் அது மட்டும் நிச்சயமாகத் தெரியும்.