அம்மன் காலடியில் கார் சாவி

காரைப் பூட்டிய பிறகு நான் உடனே நகர்ந்துவிடுவதில்லை. ஒருமுறை சுற்றி வந்து, பின் இருக்கைக் கண்ணாடியில் நெற்றியை ஒட்டி உள்ளே பார்ப்பேன். தனியாக வந்த நாளிலும் பார்ப்பேன். என் கணவருக்கு இது பெரிய வேடிக்கை. "உள்ள யாரத்தான் தேடுற?" என்பார். நான் சிரித்து மழுப்பிவிடுவேன். பட்டப்பகலில், பலர் நின்றிருக்கும் இடத்தில், கண்ணெதிரே ஒரு குழந்தை காருக்குள் அடங்கிப்போனதைப் பார்த்தவள் நான். அதைக் கார் நிறுத்துமிடத்தில் நின்று சொல்லி முடிக்க முடியாது.

எங்கள் வீட்டுக்கு முதல் கார் வந்தபோது நான் மூன்றாம் வகுப்பில் இருந்தேன். சின்னமனூரில் அப்பாவுக்கு வாழைக்காய் கமிஷன் மண்டி. சித்தப்பாவும் அதில் பங்காளிதான் என்று பேச்சு. ஆனால் அப்பா 'ஏலே' என்று கூப்பிட்டால் சாப்பாட்டில் கை வைத்திருந்தாலும் எழுந்து ஓடுவார். எல்லோரும் ஒரே வீட்டில் இருந்தோம். சித்தி போடி பக்கத்துப் பெண். அப்பா எதிரே வந்தால் முந்தானையைத் தோளில் இழுத்துப் போர்த்திக்கொள்வாள். அவரிடம் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் அம்மாவிடம் சொல்லி, அம்மா மூலமாகத்தான் அது போய்ச் சேரும். அவளுக்கு ஓர் ஆண் குழந்தை, எனக்குத் தம்பி. அப்போதுதான் தவழத் தொடங்கியிருந்தான்.

வெள்ளைக் கார். இருக்கைகளின் மேல் இருந்த ஷோரூம் பிளாஸ்டிக் உறையைக் கிழிக்க அப்பா யாரையும் விடவில்லை. கதவை யார் சாத்தினாலும் பின்னாலேயே அவர் குரல் வரும்: "மெதுவா, மெதுவா." அவருக்கு அந்தக் காரிலேயே அதிகம் பிடித்தது சாவிதான். அதில் இருந்த பொத்தானை அழுத்தினால் கார் இரண்டு கண்ணையும் சிமிட்டி, பக்கக் கண்ணாடிகளைக் காது போல மடக்கிக்கொண்டு, குவிக் என்று பூட்டிக்கொள்ளும். காபி குடிப்பதற்கு முன் ஒருமுறை பூட்டுவார், குடித்துவிட்டு ஒருமுறை பூட்டுவார். நாலு பேர் பார்க்கிற இடமென்றால் திரும்பிப் பார்க்காமல் நடந்துகொண்டே, கையை முதுகுப் பக்கம் நீட்டிப் பூட்டுவார். அதில் அவருக்கு ஒரு மிடுக்கு.

கதவைச் சாத்திவிட்டால் வெளிச் சத்தம் உள்ளே வராது என்று ஷோரூம்காரர் சொல்லியிருந்தார். அதை நிரூபிக்க அப்பா என்னை உள்ளே உட்காரவைத்துக் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, வெளியே நின்று சாப்பாட்டுத் தட்டைக் கரண்டியால் அடித்துக் காட்டினார். கரண்டி ஏறி இறங்குவது மட்டும் எனக்குத் தெரிந்தது. அப்படி ஒரு வண்டி எங்கள் தெருவிலேயே கிடையாது என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

குலதெய்வக் கோயிலில் பூசை போடாமல் வண்டியை எங்கேயும் எடுக்கக் கூடாது என்பது அப்பாவின் முடிவு. கோயில், மேகமலைக்கு ஏறும் சாலையில் ஏற்றம் தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால், ஒரு புளியந்தோப்புக்குள் இருந்தது. பங்குனி வெயில். தோப்பில் வேண்டிய மட்டும் நிழல் கிடந்தது. ஆனால் மரத்தில் காக்கைகள் இருந்தன. புது வண்டிமேல் எச்சம் விழுந்துவிடும் என்று அப்பா காரை நட்ட நடு வெயிலில் நிறுத்தினார்.

குழந்தை வரும் வழியிலேயே தூங்கிப் போயிருந்தான். சித்தி அவனைப் பின் இருக்கையில் கிடத்தினாள். ஏசி ஓடிக்கொண்டிருந்ததால் அப்படியே தூங்கட்டும் என்று, வெயில் படாமலிருக்கப் பின் கண்ணாடிகளில் கறுப்பு வலையை ஒட்டினாள். "புள்ள உறங்குறான், பாத்துக்கங்க" என்று சித்தப்பாவிடம் சொல்லிவிட்டு, அம்மாவோடு பொங்கலுக்கு அடுப்புக் கூட்டப் போனாள். சித்தப்பா காருக்குப் பக்கத்தில்தான் நின்றார்.

கோயில் வாசலிலிருந்து அப்பா கூப்பிட்டார். "ஏலே, மாலையையும் தேங்காச் சாக்கையும் எடுத்துட்டு வா."

சித்தப்பா போனார். ஏசி ஓடுகிறது, குழந்தை தூங்குகிறது, இதோ வந்துவிடலாம் என்று நினைத்திருப்பார். அவர் உள்ளே போய்த் தேங்காய்களைக் கழுவிக்கொண்டிருந்த நேரத்தில் பூசாரி அப்பாவிடம் வண்டிச் சாவியைக் கேட்டார். அப்பா வேகமாக வந்தார். முன்கதவைத் திறந்து, பின் இருக்கையைப் பார்க்காமலே கையை விட்டு எஞ்சினை அணைத்துச் சாவியை உருவினார். கதவை மெதுவாகச் சாத்தினார். திரும்பி நடந்துகொண்டே கையைப் பின்னால் நீட்டினார். கார் கண்ணைச் சிமிட்டியது.

சாவி அர்ச்சனைத் தட்டில் ஏறி, எலுமிச்சம்பழத்தோடு அம்மன் காலடிக்குப் போனது. அபிஷேகம் முடிந்திருந்தது. பூசாரி சந்தனக் காப்புச் சாத்தத் திரையை இழுத்துவிட்டார். கூம்பு ஸ்பீக்கரில் பக்திப் பாட்டு அலறியது.

காரைத் தொட்டுப் பார்க்கும் ஆசையில் நான் அதைச் சுற்றிக்கொண்டிருந்தேன். வலை ஒட்டிய கண்ணாடியில் முகத்தை வைத்தால்தான் உள்ளே தெரியும். வைத்தேன். தம்பி முழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்துச் சிரித்தான். சிரித்த வேகத்தில் முகம் கோணியது. வாயைத் திறந்தான். முகமெல்லாம் சிவந்திருந்தது, முடி தலையோடு ஒட்டியிருந்தது. வாய் அகலத் திறந்திருக்கிறது, நாக்கு நடுங்குகிறது, சத்தமே இல்லை. கைப்பிடியை இழுத்தேன், வரவில்லை. "சித்தீ" என்று நான் கத்தியது தோப்பு முழுக்கக் கேட்டது.

சித்தி அரிசி களைந்த கையோடு ஓடி வந்தாள். நான்கு கதவுகளையும் இழுத்துப் பார்த்தாள். டிக்கியை இழுத்தாள். ஜாக்கியும் ஸ்பேனரும் அதற்குள்தான் இருந்தன, அதுவும் பூட்டியிருந்தது. அம்மா திரைக்கு முன்னால் போய் நின்று சாவியைக் கேட்டாள். ஸ்பீக்கர் சத்தத்தில் பூசாரிக்கு எதுவரை கேட்டதோ தெரியாது. "காலடியில வச்சத தீபாராதனை காட்டாம எடுக்கக் கூடாது ஆத்தா. செத்த நேரம் பொறுங்க" என்று உள்ளிருந்தே பதில் வந்தது.

சித்தப்பாவும் அப்பாவும் ஓடி வந்தார்கள். "ஏங்க, ஏதாச்சும் செய்ங்க" என்றாள் சித்தி. சித்தப்பா கண்ணாடிக்குள் பார்த்தார். பிறகு அப்பாவின் முகத்தைப் பார்த்தார்.

"யாரும் பதறாதீக" என்றார் அப்பா. "பூசை முடியாத வண்டி, ஒடைக்கக் கிடைக்கக் கூடாது. அம்மன் காலடியில சாவி இருக்கு, ஒண்ணும் ஆகாது. ஏலே, வீட்டுப் பீரோவுல இன்னொரு சாவி கெடக்கு. பூசாரி மொபெட்ட எடுத்துட்டுப் போயி வெரசா எடுத்துட்டு வா."

"சரிண்ணே" என்றார் சித்தப்பா.

சித்தி அவர் சட்டையைப் பிடித்தாள். "போகாதீக. நீங்க இங்கன நில்லுங்க." அவர் அவள் கையை விலக்கிவிட்டு ஓடினார். மொபெட் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது. சின்னமனூருக்குப் போய்வர இருபது நிமிஷமாவது ஆகும் என்பது எனக்கே தெரியும்.

அப்பா தன் துண்டை நனைத்துக் கண்ணாடிமேல் விரித்தார். அது பார்த்துக்கொண்டிருக்கும்போதே காய்ந்தது. உள்ளே தம்பியின் வாய் மூடிவிட்டது. அழுகை நின்றுவிட்டது என்று ஒரு நொடி எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. பிறகு அவன் தலை மெல்லச் சாய்ந்து, கன்னம் பிளாஸ்டிக் உறையில் போய் ஒட்டியது. கண் பாதி திறந்திருந்தது. அதற்கப்புறம் அவன் அசையவில்லை.

சித்தி சாக்கிலிருந்து ஒரு தேங்காயை எடுத்து முன்கதவுக் கண்ணாடியில் ஓங்கி அடித்தாள். தேங்காய்தான் உடைந்தது. தண்ணீர் கண்ணாடியில் வழிந்தது. அப்பா திடுக்கிட்டுப் போய், இரண்டு கையையும் விரித்துக் அந்தக் கதவை மறைத்து நின்றுவிட்டார். உடன்பிறந்தவன் மனைவியைத் தொட்டுத் தடுக்க முடியாது, நிற்கத்தான் முடியும். "ஏத்தா, செத்த பொறுத்தா" என்றார். அவர் குரலும் உடைந்துதான் இருந்தது.

சித்தி திரும்பி அடுப்பை நோக்கி ஓடினாள். பால் அப்போதுதான் நுரை கட்டத் தொடங்கியிருந்தது. மூன்று அடுப்புக் கற்களில் ஒன்றை முந்தானையால் பிடித்து உருவினாள். பானை சரிந்து, பொங்காத பால் முழுவதும் நெருப்பில் கொட்டிப் புகைந்தது. அம்மா வாயில் கையை வைத்துக்கொண்டாள். சுடுகிற கல்லை இரண்டு கையாலும் ஏந்தியபடி சித்தி அப்பாவுக்கு நேரே வந்தாள். முந்தானை அவள் தோளில் இல்லை.

"மாமா, தள்ளுங்க."

அப்பாவிடம் அவள் நேராகப் பேசி நான் கேட்ட முதல் பேச்சு அது. அப்பா தள்ளி நின்றார்.

முதல் அடிக்குக் கல் எகிறியது. அடுத்த அடிக்கு முன்கதவுக் கண்ணாடி மொத்தமும் கல்கண்டு போல் பொலபொலவென்று உதிர்ந்தது. அந்த நொடியில் கார் ஊளையிடத் தொடங்கியது. திருடன் கைவைத்தால் கத்தும் என்று சொல்லியிருந்தார்கள், இப்படிக் கத்தும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. காக்கைகள் மொத்தமாகக் கிளம்பின. சித்தி உடைந்த ஓட்டைக்குள் கையை விட்டுக் கதவைத் திறந்து, உள்ளே பாய்ந்து, பிள்ளையை வாரிக்கொண்டு புளியமர நிழலுக்கு ஓடினாள்.

துணிமூட்டை போலத்தான் கிடந்தான். அம்மா அபிஷேகக் குடத்துத் தண்ணீரைக் கையால் அள்ளி அள்ளி அவன் மார்பில் விட்டாள். சித்தி சேலையால் வீசினாள். அப்பா மண்டியிட்டு அவன் உள்ளங்காலைத் தேய்த்தார். நான் ஓரமாக நின்றிருந்தேன். செத்துவிட்டான் என்றே நினைத்தேன். அப்போது அவன் வாய் அசைந்தது, திறந்தது, அகலத் திறந்தது. ஊளைச் சத்தத்தில் அவன் அழுகிறானா இல்லையா என்று யாருக்கும் கேட்கவில்லை.

குழந்தைக்காக விலகாத திரை அந்த ஊளைக்கு விலகியது. பூசாரி சந்தனக் கையோடு, தட்டோடு ஓடி வந்தார். அப்பா தட்டிலிருந்து சாவியைப் பிடுங்கி அழுத்தினார். தோப்பு சட்டென்று அமைதியானது. அந்த அமைதியில் தம்பியின் அழுகை கேட்டது. அம்மா தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். அப்பா மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

மருத்துவமனைக்குப் போக எல்லோரும் காரில் ஏறும் நேரத்தில் சித்தப்பா வந்து சேர்ந்தார். எங்கோ விழுந்திருக்கிறார், வேட்டி கிழிந்து முழங்கால் ரத்தமாக இருந்தது. இரண்டாவது சாவியை அப்பாவிடம் நீட்டினார். பிறகு உடைந்த கண்ணாடியைப் பார்த்தார், பிள்ளையைப் பார்த்தார். அழுதுகொண்டே இரண்டு கையையும் நீட்டினார். சித்தி கொப்புளம் கிளம்பிய கைகளோடு பிள்ளையைத் தூக்கி அம்மாவின் மடியில் வைத்தாள்.

டாக்டர் ஒருநாள் வைத்திருந்து பார்த்து அனுப்பினார். தம்பி பிழைத்துக்கொண்டான், இப்போது ஆறடி உயரத்தில் கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறான். பால் பொங்காமல் பானை சரிந்ததையும் பூசைக்கு முன்னே கண்ணாடி உடைந்ததையும் சொந்தக்காரர்கள் வெகுகாலம் மென்றுகொண்டிருந்தார்கள். எனக்கும் சித்தி மேல் கோபம்தான். குழந்தை கிடந்தது பின்னால், இவள் ஏன் முன்கதவுக் கண்ணாடியை உடைத்தாள் என்று அம்மாவிடம் சண்டை பிடித்தேன். பின்கதவுக் கண்ணாடியை உடைத்திருந்தால் அத்தனை சில்லும் அவன் மேல்தான் விழுந்திருக்கும் என்பது, கார் ஓட்டப் பழகிய பிறகு ஒருநாள் உறைத்தது. அந்த நிலையிலும் அவள் அதை யோசித்திருக்கிறாள்.

அப்பா தேனிக்குப் போய்க் கண்ணாடி மாற்றி வந்தார். கறுப்பு வலையையும் பிளாஸ்டிக் உறையையும் பிய்த்தெறிந்தார். அதன்பிறகு காரை நிழலில்தான் நிறுத்தினார், காக்கை எச்சத்தைத் தானே துடைத்தார். "அந்தப் புள்ள என்னையத் தள்ளச் சொல்லலேன்னா நான் நின்னுக்கிட்டேதான் இருந்திருப்பேன்" என்று வருகிறவர்களிடமெல்லாம் தானாகவே சொல்வார். சித்தி அவரிடம் வருத்தம் எதுவும் காட்டவில்லை. முன்பு பேசாதவள் இப்போது நேராகவே பேசினாள். வேலை இருந்தால், பேப்பர் படித்துக்கொண்டிருப்பவர் மடியில் தம்பியைப் போட்டுவிட்டுப் போவாள். பால்காரர் கையை நீட்டினால்கூடப் பிள்ளையைக் கொடுப்பாள்.

சித்தப்பா மண்டியிலிருந்து வந்து கையை நீட்டினால் மட்டும், தம்பியைக் கீழே பாயில் இறக்கி வைப்பாள். சித்தப்பா குனிந்து பாயிலிருந்து எடுத்துக்கொள்வார். திருப்பித் தரும்போதும் அப்படித்தான், அவர் பாயில் விடுவார், அவள் எடுத்துக்கொள்வாள். இருவரும் வழக்கம்போல்தான் பேசினார்கள். அவருக்குச் சோறு போட்டாள், முழங்காலுக்கு மருந்து போட்டாள். பிள்ளையைக் கையிலிருந்து கைக்கு மட்டும் கொடுக்கவில்லை.

அது அம்மனுக்கு ஏதோ வேண்டுதல் என்றே நான் நினைத்திருந்தேன். உயிர் பிழைத்த பிள்ளைக்கு இப்படி ஒரு விரதம் இருக்கும் போலும். ஒரு மாலையில் அவர் பாயில் குனிந்தபோது, "இந்த வேண்டுதல் எப்ப முடியும் சித்தப்பா?" என்று கேட்டேன். அடுப்படியில் பாத்திரம் தேய்க்கும் சத்தம் நின்றது. சித்தப்பா தம்பியைத் தூக்கி, அவன் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார்.

"தெரியலயேத்தா" என்றார்.

வேண்டிக்கொண்டவருக்கே முடிகிற நாள் தெரியாத வேண்டுதலும் உண்டா என்று எனக்கு அன்றைக்கு ஒரே ஆச்சரியமாக இருந்தது.