இருபத்தொன்பதாவது தடவை

"இன்னிக்கு உங்ககிட்ட எடுக்க முடியாதுக்கா," என்றாள் ரத்த வங்கி நர்ஸ். விரல் நுனியில் குத்தி எடுத்த சொட்டை வைத்துக் கையகல மெஷின் ஹீமோகுளோபின் அளவைப் பதினொன்று புள்ளி நாலு என்று காட்டியது. பன்னிரண்டரை இருந்தால்தான் படுக்கையில் ஏற விடுவார்கள்.

"இன்னொரு விரல்ல குத்திப் பாருங்க."

நர்ஸ் குத்தினாள். பதினொன்று புள்ளி மூணு.

"இதுக்கு முதல் விரலே தேவலை போல," என்றாள் வந்தவள். நர்ஸுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கு வரவில்லை.

டிப்போவில் அவளுக்கு ஸ்டியரிங் அக்கா என்று பெயர். டவுன் பஸ் ஓட்டுகிறாள். வருஷத்துக்கு இரண்டு மூன்று தடவை, வார லீவு அன்றைக்குத்தான் ரத்தம் கொடுப்பாள். கொடுத்த அன்று பஸ் எடுக்கக் கூடாது என்பது அவளே தனக்குப் போட்டுக்கொண்ட சட்டம். இருபத்தெட்டு தடவை கொடுத்தாயிற்று. திருப்பி அனுப்பப்பட்டது இதுதான் முதல் தடவை என்று சொல்ல முடியாது. அதற்கு முன்னால், ஒரு தடவைகூடக் கொடுக்காத நாளிலேயே அவளைத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள்.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் அவள் தங்கைக்குப் பிரசவம். குழந்தை நல்லபடியாகப் பிறந்தது. தாய்க்குத்தான் ரத்தப்போக்கு நிற்கவில்லை. அக்கா ஓடிப்போய்ச் சட்டைக்கையை மடித்து நீட்டினாள். "ரெண்டு பேருக்கும் ஒரே குரூப். எவ்வளவு வேணுமோ எடுங்க." அங்கிருந்தவர் எடை மெஷினில் நிற்கச் சொன்னார். நாற்பத்தொரு கிலோ. "நாற்பத்தஞ்சாவது இருக்கணும்மா. போய் உட்காருங்க."

அவள் நின்ற இடத்தைத் தாண்டி ஒரு ஊழியர் மூன்று ரத்தப் பைகளை எடுத்துக்கொண்டு போனார். ஃபிரிட்ஜில் ஏற்கெனவே இருந்தவை. யாரோ மூன்று பேர், இப்படி ஒருத்தி இருப்பதே தெரியாமல், போன வாரமோ அதற்கு முந்தின வாரமோ வந்து படுத்துக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். தங்கை பிழைத்தாள். ஆபத்து வந்த பிறகு ஓடினால் போதாது, முன்கூட்டியே யாராவது கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்பது அன்றைக்கு அவளுக்கு உறைத்தது. அடுத்த எட்டு மாதத்தில் வம்படியாகத் தின்று நாற்பத்தாறைத் தொட்டாள்.

அது தொடங்கிய கதை. தொடர்ந்ததற்கு வேறு காரணமும் உண்டு என்று அவளே ஒத்துக்கொள்வாள். "பகல்ல நான் மல்லாந்து படுக்கிற ஒரே இடம் அதுதான். யாரும் ஹாரன் அடிச்சு வழி கேட்க மாட்டாங்க, பிரேக் ஏன் இப்படிப் போடறேன்னு திட்ட மாட்டாங்க. எந்திரிச்சா ஜூஸ் குடுத்து, மெதுவாப் போங்கன்னு வேற சொல்வாங்க."

இப்போது அந்த இடத்திலிருந்து வெறுங்கையோடு வீட்டுக்கு வந்தாள். மிக்ஸி, ஃபேன் பழுது பார்க்கும் கணவன் ஒரு மோட்டாரைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தான்.

"அப்பாடா, விட்டுடேன். இருபத்தெட்டு தடவை குடுத்தாச்சு. யாரும் உன்னைக் குறை சொல்ல மாட்டாங்க."

"யாரும் குறை சொல்லக் கூடாதுன்னா குடுத்தேன்?"

அவன் மோட்டாரின் அடுத்த திருகைக் கழற்றத் தொடங்கினான்.

நர்ஸ் எழுதிக் கொடுத்த சீட்டோடு மறுவாரம் பெண் டாக்டரிடம் போனாள். மாதவிலக்கு எத்தனை நாள் இருக்கிறது என்று கேட்டார் டாக்டர். ஒன்பது நாள், பத்து நாள் என்றாள். எவ்வளவு காலமாக? ஒரு வருஷமாக. ஏன் முன்னாலேயே டாக்டரிடம் வரவில்லை? "நாள் பூரா சீட்ல உட்கார்ந்தா அப்படித்தான் இருக்கும்னு நினைச்சேன்." ஸ்கேனில் கர்ப்பப்பையில் சின்னக் கட்டி தெரிந்தது. ஆபத்தான கட்டி இல்லை, மாத்திரையில் கட்டுப்படுத்தலாம் என்றார் டாக்டர். "ரத்தம் குடுக்கப் போகலன்னா இன்னும் ரெண்டு வருஷம் இதோடயே ஓட்டியிருப்பீங்க."

அவள் மருந்துச் சீட்டை வாங்கி மடித்து வைத்துக்கொண்டாள்.

கட்டிக்கு ஒரு மாத்திரை, இரும்புச் சத்துக்கு ஒன்று. கீரை, பயறு, ஈரல் என்று தட்டு மாறியது. எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டாள். சாப்பாட்டோடு டீ குடிக்கக் கூடாது, உடம்பில் இரும்பு ஒட்டாது என்றதுதான் இடி மாதிரி விழுந்தது. டெர்மினஸில் டிபன் டப்பாவைத் திறக்கும்போதே கண்டக்டர் டீயை நீட்டுவது பத்து வருஷப் பழக்கம்.

"வேணாம்."

"ஏன், என் மேல கோபமா?"

"உன் மேல இல்ல. டீ மேல."

மூன்று மாதம் கழித்து மறுபடி ரத்த வங்கிக்குப் போனாள். பன்னிரண்டு புள்ளி இரண்டு. வெளியே பெஞ்சில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை, அழுதால் ஏறுமென்றால் அழுதிருப்பாள். பிறகு உள்ளே போய், இரண்டு மாதம் தள்ளி ஒரு தேதி வாங்கிக்கொண்டு வந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் கணவன் அவளை நிமிர்ந்து பார்த்தான். முகத்திலேயே தெரிந்தது. மறுநாளிலிருந்து கீரையை ஆய்ந்து வைக்கிற வேலையை அவன் எடுத்துக்கொண்டான். பாதி தண்டோடு இருந்தது. அவள் அப்படியே கடைந்தாள்.

அந்தத் தேதியில் அவனும் கூட வந்தான். ஊசியைக் கண்டால் ஆகாதவன், கதவுக்கு வெளியிலேயே நின்றுகொண்டான். நர்ஸ் விரலில் குத்தி, மெஷினைப் பார்த்து, அவள் பக்கம் திருப்பிக் காட்டினாள். பதிமூணு.

"இன்னொரு விரல்ல பார்க்கட்டுமாக்கா?"

"வேணாம் வேணாம், இதுவே போதும்."

படுக்கையில் சாய்ந்து ரப்பர் பந்தைப் பிசைந்தாள். பத்து நிமிஷத்தில் பை நிறைந்தது. நிறைந்து கனத்த அந்தப் பையை நர்ஸ் எடுத்துப் போவதைக் கண்ணால் தொடர்ந்தாள்.

ஒன்பதாம் நாள், டெர்மினஸில் பஸ்ஸைப் போட்டுவிட்டு இறங்கும்போது போனில் செய்தி வந்தது: நீங்கள் கொடுத்த ரத்தம் இன்று ஒரு நோயாளிக்குச் செலுத்தப்பட்டது. யாருக்கு, எங்கே என்று இல்லை. அவள் இரண்டு தடவை படித்தாள்.

"என்னக்கா, நல்ல சேதியா?" என்று கேட்டான் கண்டக்டர்.

"யாருக்கோ நல்ல சேதி," என்று சொல்லி, டிபன் டப்பாவைத் திறந்தாள்.