மழைக்குப் போடுற எழுத்து

எழுதத் தெரிந்தவர்கள் எழுதட்டும் என்று இத்தனை காலம் ஒதுங்கி இருந்தவள் நான். பதினோராம் வகுப்புச் சாதாரண தரப் பரீட்சையோடு படிப்பு நின்றது. நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் இன்றைக்கும் பின்வரிசைக்கு நகர்ந்துவிடுவேன். என் சின்ன மகளுக்குச் சொல்வதெழுதல் பழக்கியபோது வந்த ஞாபகம் இது. சொல்கிற விதம் சரியில்லை என்றால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயம், ஒரே கூரையின் கீழ் வரிசையாகக் காம்பரா அறைகள். நான் நாலாம் வகுப்பு. எங்கள் வாயில் மழையும் மளைதான், பழமும் பளம்தான். காதில் விழுந்ததை அப்படியே எழுதினேன். பக்கத்துக்குப் பக்கம் சிவப்புப் பேனா. அடுத்த காம்பராவில் இருந்த பிள்ளை என்னைவிட மோசம். அதனால் அவள் பக்கத்தில் உட்காருவது எனக்கு ஆறுதலாக இருந்தது.

தீபாவளி முடிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, அப்பாவுக்குத் தம்பி முறையான கொழும்புச் சித்தப்பா வந்தார். காலில் பளபளக்கும் சப்பாத்து, கையில் டொபிப் பொட்டலம். கொழும்பில் ஒரு வீட்டில் பிள்ளை பார்த்துக்கொள்ள ஆள் தேடுகிறார்களாம். நாள் தவறாமல் மீன், சுவர் அகலத்துக்கு டிவி. அவர் சொல்லச் சொல்ல நான் மனதுக்குள் பஸ் ஏறிவிட்டேன்.

“எழுத்து ஏறாத புள்ளைய வச்சிக்கிட்டு என்ன செய்யப் போறீங்கண்ணே? நாளைக்கு அதுவும் மலைக்குத்தான் கொழுந்தெடுக்கப் போகும்” என்றார்.

அப்பா பீடியைத் தரையில் தேய்த்து அணைத்தார். “அடுத்த ஞாயிறு வா. நீயே சொல்லு, அது எழுதட்டும். எழுதிட்டா பள்ளிக்கூடம் போகட்டும். எழுதலன்னா கூட்டிட்டுப் போ.”

அம்மா டொபிப் பொட்டலத்தைப் பிரிக்காமலே எடுத்து அவர் பைக்குள் திரும்ப வைத்தாள். அப்போதே எனக்கு அவள் மேல் சந்தேகம் விழுந்தது.

மறுநாளிலிருந்து சந்தேகம் வளர்ந்தது. பள்ளிக்கூடத்தைப் பற்றி ஒருநாளும் கேட்காத அம்மா, வேலை விட்டு வந்ததும் கூடையை இறக்கிவிட்டு, அட்டை கடித்த காலில் உப்புத் தேய்த்தபடியே என்னை அடுப்படிக்குக் கூப்பிட்டாள். கையில் கரித்துண்டைக் கொடுத்து, தரையில் எழுதச் சொன்னாள். அவள் அஞ்சாவது வரை படித்தவள் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். அதையும் ஏன் மறைத்து வைத்திருந்தாள்?

அவளுக்கும் அந்த ‘ழ’வை உச்சரிக்க வராது. “இது மளைக்குப் போடுற எழுத்து. இது ஒத்தையாத்தான் நிக்கும், சோடி சேராது. பள்ளம், வெள்ளம்னு அழுத்திச் சொன்னா, அது மத்தது” என்றாள். “வயித்துக்கும் கயித்துக்கும் ஒரே று. வயித்த இறுக்கிக் கட்டத்தான் கயிறு. மறந்துறாத.”

எழுதி முடித்ததும் அவள் திருத்தவில்லை. மேற்பார்வை பார்க்கும் கண்டாக்கையாவிடம் கொழுந்து நிறுக்கக் கொண்டுபோகும் முன், கூடையைக் கிளறி முத்தல் இலையைப் பொறுக்கி எறிவார்கள். அதேபோல என்னையே பொறுக்கச் சொன்னாள். “கண்டாக்கையா கண்ணுல படறதுக்கு முன்னாடி நீயே எடுத்துப் போட்டுறணும்.”

சில நாளில் தப்பு என் கண்ணுக்கே குத்தியது. ஆனாலும் மனம் ஆறவில்லை. நான் மீன் தின்பதும் டிவி பார்ப்பதும் அம்மாவுக்குப் பொறுக்கவில்லை என்று முடிவு கட்டினேன். “எம்மேல ஏன் இவ்வளவு கோவம்?” என்று ஒருநாள் கேட்டும்விட்டேன். “எழுதுடி” என்றாள். புகைக்குக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா வந்தார். வேண்டுமென்றே தப்பாக எழுதிவிட்டுக் கொழும்புக்குப் போய்விடுவது என்றுதான் சிலேட்டை மடியில் வைத்தேன். அம்மாவுக்கு அது எப்படியோ தெரிந்திருக்க வேண்டும். சுளகில் அரிசி புடைப்பதை நிறுத்திவிட்டு என் கையையே பார்த்தாள்.

“கிளங்கு” என்றார் சித்தப்பா. அந்த நேரம் பார்த்து அடுத்த காம்பராப் பிள்ளை வாசலில் வந்து நின்று, எனக்கு வராது என்று தெரிந்து சிரித்தாள். அவள் எதிரில் எப்படித் தோற்பது? கிழங்கு, வயிறு, பள்ளம், கொழுந்து என்று எல்லாவற்றையும் சரியாக எழுதிவிட்டேன்.

சித்தப்பா சிலேட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “சரியாத்தான் இருக்கு” என்றார், குறை சொல்வதைப் போல. அப்பா எழுந்து வெளியே போனார். சித்தப்பா வாசல் பக்கம் திரும்பினார்.

“பாப்பா, நீ எளுதுவியா?”

“எனக்கு வராது மாமா” என்றாள், சிரிப்பு மாறாமல்.

எனக்கென்று கொண்டுவந்த டொபி அவள் கைக்குப் போனது. அவர் அவளோடு அடுத்த காம்பராவுக்கு நடந்தார்.

பொழுது சாய அம்மா அங்கே போனாள். பலகைச் சுவர் வழியாக எல்லாம் கேட்டது. “அனுப்பாத மதினி. போன புள்ளைங்க எது திரும்பி வந்துச்சு, சொல்லு?”

“ஒனக்கென்ன, ஒம்புள்ள எழுதிருச்சு. நீ பேசுவ” என்றாள் அந்தப் பிள்ளையின் அம்மா.

என் அம்மா திரும்பி வந்து அடுப்பு முன்னால் உட்கார்ந்தாள். கரியால் எழுதிய தரையைத் துடைக்கவே இல்லை. எனக்குக் கொழும்பு கிடைக்காமல் செய்தது போதாதென்று, அவளுக்குக் கிடைத்ததையும் கெடுக்கப் பார்க்கிறாள் என்று நான் நினைத்தேன். அன்றிரவு அம்மாவுக்கு முதுகைக் காட்டிப் படுத்தேன்.

மறுநாள் அடுத்த காம்பராப் பிள்ளை, சித்தப்பா கொண்டுவந்திருந்த புதுச் சப்பாத்துப் போட்டுக்கொண்டு அவரோடு முதல் பஸ்ஸில் போனாள். பள்ளிக்கூடத்தில் சொல்வதெழுதல் வைத்தார்கள். எனக்கு எல்லாம் சரி.