ஜீவராணி கேட்ட இரண்டு

கேகாலைக்கு மேலே, பஸ் போகும் கடைசி வளைவையும் தாண்டி இருந்த ஒரு ரப்பர் தோட்டத்தில் ஜீவராணி பால் வெட்டினாள். அவளுடைய கணவன் முத்துவீரன் 1994இல் பலாமரத்திலிருந்து விழுந்தான். இடுப்பெலும்பு முறிந்துபோய் ஆஸ்பத்திரியில் மாதக்கணக்கில் கிடந்துவிட்டு, ஊன்றுகோலோடு வீடு திரும்பினான். சமதரையில் நடக்க முடிந்தது. மலையில் ஏற முடியவில்லை. தோட்டத்து செக்ரோலில், அந்த வேலையாள் பதிவேட்டில், இருந்த அவனுடைய பேரை எடுத்துவிட்டார்கள்.

குடும்பத்தில் ஒருவராவது தோட்டத்தில் பேர் பதிந்து வேலை செய்தால்தான் லயத்து வரிசை வீடுகளில் அவர்களுக்கு ஒரு காம்பரா, ஓர் அறை, கிடைக்கும். அந்த ஒரு பேர் இனி ஜீவராணியின் பேர். அவள் வேலையை விட்டால் சட்டி பானையோடு ரோட்டில் நிற்கவேண்டும். போய் ஒண்டிக்கொள்ள இருவருக்கும் வேறு ஊரும் இல்லை, உறவும் இல்லை.

ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டிலுக்கு வந்த ஜெபக்கூட்டத்தார் முத்துவீரனுக்காகவும் ஜெபித்தார்கள். அந்தப் பழக்கத்தில் இருவரும் தோட்டத்து எல்லையிலிருந்த ஜெப வீட்டுக்குப் போகத் தொடங்கினார்கள். ஞாயிறுதோறும் கேகாலையிலிருந்து ஓர் இளம் பாஸ்டர் பஸ்ஸில் வருவார். ஒரு ஞாயிறு அவர் உழைப்பைப் பற்றிப் பேசினார். செய்கிற வேலையைத் தோட்டத்துத் துரைக்குச் செய்வதாக நினைக்காதீர்கள், கர்த்தருக்கே செய்வதாக நினைத்து முழு மனதோடு செய்யுங்கள், அவர் பார்த்துக்கொண்டிருக்கிறார், உங்களை உயர்த்துவார் என்றார்.

ஜீவராணி அதை அப்படியே எடுத்துக்கொண்டாள். அவளுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத்தான் தெரியும். கேட்டதைச் செய்யத் தெரியும். மறுநாளிலிருந்து அவளுடைய கத்தி நூல் பிடித்தாற்போல் பட்டையைச் சீவியது. மரத்துக்குக் காயம் படாமல், சிரட்டை நிறையப் பால் இறங்கும் ஆழம் அவள் கைக்குப் பிடிபட்டுவிட்டது. மற்றவர்கள் வெற்றிலை போட உட்காரும் நேரத்திலும் அவள் ஒரு வரிசை மரங்களை முடித்திருப்பாள். தராசில் அவளுடைய வாளிதான் எப்போதும் கனத்தது.

ஒரு வருஷம் போயிருக்கும். ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கும் காலைப் பெரட்டில் கணக்கப்பிள்ளை புதிய கணக்கைச் சொன்னார். இனி முழுப் பேர், அதாவது முழுநாள் கூலி, விழவேண்டுமென்றால் முன்பைவிடக் கூடுதல் கிலோ கொண்டுவரவேண்டும். குறைந்தால் அரைப் பேர். பெண்கள் முணுமுணுத்தார்கள்.

"ஜீவராணிக்கு முடியுதுல்ல? ஒங்களுக்கு ஏன் முடியாது?" என்று கேட்டுவிட்டு அவர் கணக்குக் கொப்பியை மூடினார்.

பக்கத்துக் காம்பரா அழகம்மா அன்று மாலை தண்ணீர் பிடிக்கும் பீலியடியில் அவளை மறித்தாள். முத்துவீரன் ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில் ஜீவராணிக்குச் சோறு கொடுத்தவள் அவள்.

"ஒன் சாமி ஒன்னைய வேல செய்யச் சொன்னுச்சு. சரி. எங்களையுமாடி சொன்னுச்சு?"

ஜீவராணி குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். அன்றோடு அழகம்மா அவளிடம் பேசுவதை நிறுத்தினாள். மலையில் ஜீவராணி வரும் பக்கம் மற்றப் பெண்களின் பேச்சும் அடங்கிப்போகும்.

கிலோக் கணக்கு இறங்கட்டும் என்று வேண்டுமென்றே குறைத்து வெட்டியும் பார்த்தாள். அந்த வாரம் முழுவதும் கணக்கப்பிள்ளை அவளுக்கு அரைப் பேர்தான் போட்டார். "ஒன் கை எனக்குத் தெரியும். ஏமாத்தப் பாக்குறியா?" என்றார். மற்றவர்களுக்கு உண்மையிலேயே முடியாமல் குறைந்தது. அவளுக்கு முடியும் என்று எல்லோருக்கும் தெரிந்துபோயிருந்தது. வீட்டில் அரிசி வற்றியது. மறுபடியும் முழு வாளி சுமந்தாள். நிறைய வெட்டினால் பாவம், குறைய வெட்டினால் பட்டினி.

பாஸ்டரிடம் போய்ச் சொன்னாள்.

"ஜெபம் பண்ணுங்க அக்கா. உழைப்புக்குப் பலன் கட்டாயம் வரும்."

"வந்திருச்சுங்க பாஸ்டர். பலன் தொரைக்கு வந்திருச்சு."

அவள் விசுவாசத்தில் தளர்ந்துவிட்டாள் என்று நினைத்து அவர் இன்னும் நீளமாக ஜெபித்தார்.

இப்படியே வருஷங்கள் போயின. மழை பெய்தால் பால் வெட்ட முடியாது. அன்று பேரும் இல்லை. 2001இல் அப்படியொரு மழை நாளில் முத்துவீரன் பாயில் சாய்ந்து வேதாகமத்தைச் சத்தமாக வாசித்துக்கொண்டிருந்தான். யாக்கோபு தன் மாமன் லாபானிடம் மாடாய் உழைத்த கதை. ஒரு பெண்ணைக் கட்டித்தருவதாகச் சொல்லி வேலை வாங்கிய மாமன், கல்யாண ராத்திரியில் வேறு பெண்ணை அனுப்பிவிடுகிறான். சம்பளத்தையும் திரும்பத் திரும்ப மாற்றுகிறான்.

"இந்த ஆளு நம்ம தோட்டத்துலதான் தொரையா இருந்திருப்பான் போல," என்று முத்துவீரன் சிரித்தான்.

ஜீவராணி அரிசி புடைப்பதை நிறுத்தியிருந்தாள். யாக்கோபு மாமனிடம், நான் உனக்கு எப்படி உழைத்தேன் என்று உனக்கே தெரியும், இனி என் குடும்பத்துக்கு நான் எப்போது சம்பாதிப்பது என்று கேட்கும் இடம் வந்தது.

"அத இன்னொருக்கா வாசிங்க."

வாசித்தான்.

"இதை ஏங்க அந்தப் பாஸ்டர் சொல்லவே இல்ல?"

யாக்கோபு பிறகு என்ன செய்தான் என்று கேட்டாள். கூலி பேசினான், தனக்கென்று மந்தை சேர்த்தான், ஒருநாள் சொல்லாமல் கிளம்பிவிட்டான் என்றான் முத்துவீரன். அதற்குப் பிறகு அவள் வாய்ப்புக்காகக் காத்திருந்தாள்.

இரண்டு வருஷம் கழித்து அது வந்தது. தோட்டத்தில் சில வருஷங்களுக்கு முன் நட்ட இளம் மரங்கள் முதல் வெட்டுக்குத் தயாராகியிருந்தன. இளம் மரத்தில் முதல் வெட்டுப் பிசகினால் அந்த மரம் காலத்துக்கும் சொத்தை. பெரிய துரை ஜீவராணியைத் தன் அலுவலகமான கந்தோருக்குக் கூப்பிட்டார். சிங்களவர். இருவரும் சிங்களத்திலேயே பேசினார்கள். அந்தப் புது மலையை அவள்தான் முதல் வெட்டுப் போட்டுத் திறக்கவேண்டும், மற்றப் பெண்களுக்கும் பழக்கிவிடவேண்டும் என்றார்.

"செய்றேன் தொர. எனக்கு ரெண்டு விஷயம் வேணும்," என்றாள் ஜீவராணி. "என் புருஷனுக்கு ஸ்டோர்ல காவல் காக்குற வாச்சர் வேலை. செக்ரோல்ல பேரோட. மத்தது, என்னால ஏத்துன கிலோவைக் கொறைக்கணும்."

துரை ஜன்னலைத் திறந்துவிட்டுத் திரும்பினார்.

"ஒன்று கேள். ஒன்றுதான் தரமுடியும்."

வெளியே பெண்கள் தராசடியில் வரிசையாக நின்றிருந்தார்கள். அழகம்மா தலையில் வைத்திருந்த சும்மாட்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். முத்துவீரனுடைய பேர் பதிந்துவிட்டால் காம்பரா அவன் பேரில் நிற்கும். தான் வெளியே போகலாம். அந்தக் கதவு இன்னொரு தடவை திறக்காது.

"வாச்சர் வேலை," என்றாள்.

தராசடிக்கு வந்து, இரண்டு கேட்டதையும் வாச்சர் வேலையை எடுத்துக்கொண்டதையும் அவளே அழகம்மாவிடம் சொன்னாள். பேச்சு நின்றுபோன அத்தனை வருஷத்துக்குப் பிறகு அழகம்மா அவள் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"நானா இருந்தாலும் அதத்தான் வாங்கியிருப்பேன். ஆனா ஒன்னைய மன்னிக்க மாட்டேன்."

ஜீவராணி புது மலையைத் திறந்துகொடுத்தாள். ஒரு மரமும் கெடவில்லை. மற்றவர்களுக்குக் கை பழகியதும் வேலையை விட்டாள். கணக்கப்பிள்ளை நம்பவில்லை; துரை கோபப்பட்டார். ஆனால் முத்துவீரனின் பேர் செக்ரோலில் ஏறிவிட்டிருந்தது.

கேகாலை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் மக்கீன் நானா என்ற முஸ்லிம் வியாபாரிக்கு வெற்றிலைக் கடை இருந்தது. அவருடைய மனைவி நூரியா, தங்கள் வீட்டுக்குப் பின்னால் சும்மா கிடந்த நிலத்தை, வெற்றிலைக் கொடி நட, விளைச்சலில் பாதிக்குப் பாதி என்று ஜீவராணிக்குக் கொடுத்தாள். முதல் வருஷம் மழையில் வேர் அழுகிக் கொடிகள் கறுத்துப்போயின. ஜீவராணி கொடிகளுக்கு நடுவே உட்கார்ந்து அழுதாள். நூரியா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு, "தண்ணி வடியுறதுக்குக் கான் வெட்டல்ல நீங்க. அடுத்த போகத்துக்கு வெட்டுவோம்," என்றாள்.

கான் வெட்டினார்கள். கொடி பிடித்தது. 2009இல் ஜீவராணியின் வெற்றிலை வாரத்துக்கு இரண்டு முறை கொழும்புக்குப் போனது. பக்கத்தில் இன்னொரு துண்டு நிலத்தையும் குத்தகைக்கு எடுத்திருந்தாள்.

அந்த வருஷம் பாஸ்டர், கர்த்தர் செய்த நன்மையை ஜெப வீட்டில் எல்லோர் முன்னும் சாட்சி சொல்ல அவளை அழைத்தார். அவருக்கும் காதோரம் நரைத்திருந்தது. உழைப்பால் கர்த்தர் உயர்த்திய சகோதரி என்று அறிமுகம் செய்தார். ஜீவராணி எழுந்து நின்றாள். முன்வரிசையில் பால் வெட்டும் பெண்கள் சிலர் இருந்தார்கள். அவர்களுக்குக் கிலோ குறையவே இல்லை.

"நல்லா வேல செய்ங்கனு வேதத்துல இருக்கு. அது உண்மை," என்றாள். "ஆனா யாருக்கு செய்றோம், எதுக்கு செய்றோம்னு கேக்குறதும் அதுலயே இருக்குங்க. நான் அதக் கேக்க ரொம்பக் காலம் ஆச்சு. கேட்டப்ப எனக்கு மட்டுந்தான் வழி கெடச்சுச்சு. எனக்குச் சாட்சி சொல்லத் தெரியல்ல, பாஸ்டர்."

உட்கார்ந்துவிட்டாள். பிறகு பாஸ்டர் அடுத்த பாட்டைத் தொடங்கினார். ஜீவராணியும் எல்லோரோடும் சேர்ந்து பாடினாள்.