என் தங்கை காத்த அறை

கழற்றிய கதவு, நிறுத்திய தண்ணீர், அறுத்த கரண்டு, பூட்டிய அறை. இத்தனையையும் கோர்ட்டில் நின்று திரும்ப வாங்கியவள் என் தங்கை. நானாவது ஐந்தாவது வரை படித்தேன். அவள் பள்ளிக்கூடத்தை வெளியிலிருந்து பார்த்ததோடு சரி.

அவளும் மாப்பிள்ளையும் தையல்காரர்கள். மாடிப்படிக்குக் கீழே ஒரே அறை. அதிலேயே குடித்தனம், அதிலேயே கடை. மாப்பிள்ளை பக்கவாதத்தில் படுத்த பிறகு அவள் ஒருத்தி காலில்தான் மெஷின் ஓடியது. வீட்டுக்காரருக்கோ கட்டடத்தை இடித்துக் குடோன் கட்ட ஆசை. வாடகை தவறாததால் நேராகப் போகச் சொல்ல வழியில்லை. ரிப்பேர் என்று கதவைக் கழற்றிக்கொண்டு போனார். பிறகு தண்ணீர் நின்றது, பிறகு கரண்டு. பக்கத்து அறைச் சமையல்காரர் வேலைக்குப் போய் வருவதற்குள் அவர் சாமான் தெருவில் கிடந்தது.

தங்கை மெஷினை வாசலை அடைத்துப் போட்டு உட்கார்ந்தாள். கதவு எங்கே என்று கேட்டவர்களிடம், "நான்தான் கதவு. தட்டாம வராதீங்க" என்றாள்.

பெருவிரல் ரேகை வைத்துத்தான் வழக்குப் போட்டாள். தீர்ப்பு வரும்வரை அவளை வெளியேற்றக் கூடாது என்று கோர்ட் தடை உத்தரவு கொடுத்தது. கதவு மட்டும் வரவில்லை. ரேகை கதையைக் கேட்டு மாப்பிள்ளை சிரித்தார்.

"கழுத்து வளைவெல்லாம் கண்ணாலயே வெட்டுற. உன் பேரு அதைவிடக் கஷ்டமா?"

அசைக்க முடிந்த கையால், மிச்சத் துணியில், தையல் சாக்பீஸால் எழுதிக் காட்டினார். தீர்ப்பு அன்றைக்குக் கையெழுத்துதான் என்று இருவரும் பேசிவைத்திருந்தார்கள்.

ஒரு காலையில் அவருக்கு மூச்சு இழுத்தது.

"நீ கூடப் போம்மா, நான் இங்க உக்காருறேன்" என்றேன்.

"உன்னை வெளியாள்னு தூக்கிப் போட்டுருவாங்கண்ணா. அவரு திரும்பி வந்து படுக்க இடம் வேணாமா? நீயே போ."

அவர் திரும்பி வரவில்லை. ஆஸ்பத்திரியில், "அவ வரலியா?" என்று என்னைக் கேட்டார். மறுநாள் போய்விட்டார்.

உடலை வாங்க மனைவிதான் வர வேண்டும் என்றார்கள். வந்தாள். திரும்புவதற்குள் மெஷின் தெருவில் நின்றது. அறையில் புதுக் கதவு, புதுப் பூட்டு.

வக்கீல் பதறவே இல்லை. "தடை உத்தரவு இருக்கும்மா. நீங்க எங்க போனாலும் ரூம் உங்களோடதுதான். பூட்டினா கோர்ட்டே திறக்க வைக்கும்."

"நான் வெளிய போயிருந்தாலுமா?"

"போயிருந்தாலும்தான்."



சொன்னபடியே திறக்க வைத்தார்கள். இன்றும் அங்கேதான் தைக்கிறாள். தீர்ப்பு நாளில் அவள் போட்டது இரண்டாவது கையெழுத்து. முதலாவது, மாப்பிள்ளையின் உடலைப் பெற்றுக்கொண்டதற்கு: 1998 மார்ச் 17, செவ்வாய்க்கிழமை.