ரோஸ்லின் மதிப்பிட்ட கட்டுரை

என் மனைவி ரோஸ்லினைப் பற்றி யாராவது எழுத வேண்டும். அவள் எழுத மாட்டாள். அவள் எழுதுவதெல்லாம் ஏற்றுமதி இறக்குமதியும் நாணய மதிப்பும்தான், அதையும் எவனும் அச்சிடுவதில்லை. அதனால் நான் எழுதுகிறேன். நடுநிலையோடு எழுதுவேன் என்று எதிர்பார்க்காதீர்கள். எனக்கு வயிற்றெரிச்சல் இன்னும் அடங்கவில்லை.

அவள் அப்பா லாலாகுடா ரயில்வே பட்டறையில் ஃபிட்டராக இருந்தவர். காலனிப் பெண்கள் நர்சிங், டீச்சர் டிரெய்னிங் என்று போனபோது இவள் பொருளாதாரத்தில் டாக்டர் பட்டம் வாங்கி, ஹப்சிகுடாவில் ஓர் ஆய்வு நிறுவனத்தில் சேர்ந்தாள். திருமுல்கேரியில் எங்கள் தெருக்காரர்களுக்கு அவளிடம் கேட்க ஒரே கேள்விதான். "மேடம், டாலர் இன்னும் ஏறுமா?" அமெரிக்காவில் பிள்ளை இருக்கிறவர்கள் எல்லாரும் கேட்பார்கள். "தெரியாதுங்க" என்பாள். அதுதான் உண்மையான பதில் என்று எனக்கு விளக்கியும் இருக்கிறாள். ஆனால் அந்தப் பதிலுக்கு அப்புறம் தெருவில் அவளுக்கு மரியாதை குறைந்துவிட்டது.

அவள் ஆராய்ச்சி என்னவென்று சொல்லிவிடுகிறேன். ரூபாய் மதிப்பு விழுந்தால் நம் சரக்கு வெளிநாட்டுக்காரனுக்கு மலிவாகும், ஏற்றுமதி பெருகும் என்று எல்லாப் பாடப்புத்தகத்திலும் இருக்கிறது. சனத்நகர் தொழிற்பேட்டையில் அப்படி நடக்கவில்லை என்று இவள் கண்டுபிடித்தாள். அங்கே மருந்து செய்கிறவர்கள் விற்பதும் டாலரில், மூலப்பொருள் வாங்குவதும் டாலரில். ரூபாய் விழுந்தால் இந்தக் கையில் வருவது அந்தக் கையில் போய்விடும். அதே பேட்டையில் உள்ளூர் இரும்பு வாங்கி வால்வு, பம்ப் செய்கிறவர்களுக்கு மட்டும் ஏற்றுமதி கூடியது. இந்த இரண்டு கூட்டத்தையும் பிரித்துப் பார்த்ததுதான் அவளுடைய மூளை. வேறு யாரும் அதுவரை அப்படிப் பார்க்கவில்லை.

சும்மா உட்கார்ந்த இடத்தில் வந்த ஞானம் இல்லை இது. கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்கினாள். சனிக்கிழமைகளில் நான்தான் ஸ்கூட்டரில் கொண்டுபோய் விடுவேன். கேட்டில் நிற்கிற செக்யூரிட்டி, "கைக்கு மேடம்? இன்கம் டாக்ஸா?" என்பான், எதற்கு வந்தீர்கள் என்று எங்கள் ஊர் இந்தியில். எதற்கு வந்தோம் என்று சொல்லிப் புரியவைப்பதற்குள் உள்ளே மேனேஜர் சார் சாப்பிடப் போய்விடுவார். இப்படியே வருஷங்கள் ஓடின.

எழுதி முடித்து வெளிநாட்டு ஜர்னல் ஒன்றுக்கு அனுப்பினாள். திரும்பி வந்தது. இன்னொன்றுக்கு அனுப்பினாள், அதுவும் வந்தது. ஒரே பல்லவிதான். ஒரு நகரத்தின் ஒரு தொழிற்பேட்டையைப் பற்றி உலகம் ஏன் தெரிந்துகொள்ள வேண்டும்? அதைவிட மோசம் அவள் நிறுவனத்தின் விதி. வெளிநாட்டு ஜர்னலில் ஒரு கட்டுரையாவது வந்திருந்தால்தான் பேராசிரியர் பதவி. வயது ஐம்பத்தைந்தை நெருங்கிவிட்டது. அடுத்த நேர்முகத் தேர்வை விட்டால் இணைப் பேராசிரியராகவே வீட்டுக்கு வர வேண்டியதுதான். அவளுக்குப் பின்னால் சேர்ந்தவர்கள் எல்லாம் அறைக் கதவில் பேராசிரியர் என்று பலகை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

அப்போதுதான் அந்த மெயில் வந்தது. பெரிய ஜர்னல் ஒன்று, ஒரு கட்டுரையைப் படித்து வெளியிடலாமா கூடாதா என்று கருத்துச் சொல்லச் சொல்லி இவளைக் கேட்டது. இதைச் செய்கிறவர்களுக்கு ரெஃப்ரீ என்று பெயர். சம்பளம் கிடையாது. எழுதியவருக்கு ரெஃப்ரீ யாரென்று தெரியவும் கூடாது. இவளுடையதை அச்சிட மாட்டார்கள், இவள் உழைப்பு மட்டும் வேண்டுமாம்.

எழுதியவர் ஓர் அமெரிக்கப் பேராசிரியர். படிக்கப் படிக்க இவள் முகம் மாறியது. "ஏங்க, இது நான் சொன்னதுங்க" என்றாள். ஐந்து நாடுகளின் சுங்கக் கணக்கை எடுத்து, நாணயம் விழுந்தாலும் ஏற்றுமதி பெருகவில்லை என்று அவர் நிரூபித்திருந்தார். திருட்டு என்று சொல்ல முடியாது. அவர் பாட்டுக்கு அங்கே யோசித்திருக்கிறார். திட்டுவதற்குக்கூட ஓர் ஆள் கிடைக்கவில்லை எங்களுக்கு.

எங்கள் மகன் சுனில் தமிழில் கேட்டால் இந்தியில் பதில் சொல்கிறவன். "ரிஜெக்ட் கர் தோ மம்மி. கிஸ்கோ மாலும்?" என்றான். நிராகரித்துவிடு, யாருக்குத் தெரியப் போகிறது என்று அவன் சொன்னது எனக்கும் நியாயமாகத்தான் பட்டது.

"அவர் சொன்னது தப்புன்னா நான் சொன்னதும் தப்புதானேடா. எப்படி எழுதுவேன்?" என்றாள்.

"அப்ப ஒண்ணு செய்" என்றேன் நான். "உன் கட்டுரையைக் குறிப்பிடச் சொல்லி எழுது. உன் பேராவது அதுல வரட்டும்."

"எதைக் குறிப்பிடச் சொல்றது? என் கட்டுரை ஆபீஸ் வெப்சைட்ல மட்டும்தான் இருந்துச்சு. அதை மாத்தினப்ப பழைய கட்டுரை எல்லாம் காணாமப் போச்சு. டைரக்டர்கிட்ட கேட்டா ஒரு வாரம்ங்கறார். ரெண்டு வருஷமா அதே ஒரு வாரம்."

சரி, நல்ல கட்டுரை என்று ஒரு வரி எழுதிவிட்டுக் கழற்றிக்கொள்வாள் என்று நினைத்தேன். எங்கே! கணக்கு சரியாக இருக்கிறதாம், அவர் சொன்ன காரணம்தான் தப்பாம். ஏற்றுமதிக்காரர்கள் விலையை மாற்றச் சோம்பல்படுகிறார்கள் என்று அந்த மனுஷர் எழுதியிருந்தார். இவள் ராப்பகலாக உட்கார்ந்து நாலு பக்கம் எழுதினாள். சோம்பல் காரணமில்லை, மூலப்பொருள்தான் காரணம், வெளிநாட்டில் வாங்குகிறவர்களையும் உள்ளூரில் வாங்குகிறவர்களையும் பிரித்துப் பாருங்கள், விடை தெரியும் என்று.

படித்ததும் எனக்கு ரத்தம் கொதித்தது. "உனக்குப் பைத்தியமா ரோஸி? ஸ்கூட்டர்ல வெயில்ல அலைஞ்சு கண்டுபிடிச்சதைத் தூக்கி அந்தாளு கையில குடுக்கறே. அவருக்குத் தெரியாத ஒரே விஷயம் இதுதான். உன்கிட்ட மிச்சம் இருக்கறதும் இதுதான்."

"நக்கோங்க, வேணாம், கத்தாதீங்க. காரணம் தப்பா இருக்கு. அப்படியே அச்சுல வந்தா எல்லாரும் அதையே படிப்பாங்க, பசங்களுக்கும் அதையே சொல்லிக்குடுப்பாங்க. தப்புன்னு சொல்லத்தானே என்கிட்ட அனுப்பியிருக்காங்க?"

இப்படிப்பட்ட ஆளோடு என்ன பேசுவது? அனுப்பிவிட்டாள்.

மறு வருஷம் கட்டுரை வெளிவந்தது. நான்காம் பகுதி என்று புதிதாக ஒன்று சேர்ந்திருந்தது, முழுக்க இவள் சொன்னதுதான். அந்த மனுஷர் நேர்மையானவர்தான், அடிக்குறிப்பில் நன்றி சொல்லியிருந்தார், இந்தப் பகுதிக்கு வழிகாட்டிய பெயர் அறியாத ரெஃப்ரீ ஒருவருக்கு என்று. அந்த ஜர்னலில் என் மனைவி இடம்பெற்றது அவ்வளவுதான். அவள் நிறுவனத்தில் டைரக்டர் அதைப் பிரிண்ட் எடுத்து எல்லாருக்கும் கொடுத்தார். "ரோஸ்லின் மேடம், நீங்க கண்டிப்பா படிக்கணும், உங்க சப்ஜெக்ட்" என்று தனியாகவும் சொல்லியிருக்கிறார்.

நேர்முகத் தேர்வுக்கு முன்னால் கடைசி முயற்சியாகத் தன் கட்டுரையைச் செதுக்கி வேறொரு ஜர்னலுக்கு அனுப்பினாள். அந்த அமெரிக்கரின் கட்டுரையையும் அதில் முறையாகக் குறிப்பிட்டிருந்தாள். இந்தத் தடவை கிடைத்துவிடும் என்று எனக்கே நம்பிக்கை இருந்தது. உலகமே இதைப் பற்றிப் பேசுகிறது, அதையே ஊரில் இறங்கிப் பார்த்து எழுதியவளை எப்படித் தள்ளுவார்கள்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வீட்டுக்கு வந்தபோது பதில் வந்திருந்தது. சமையலறையில் நின்றபடியே போனில் திறந்தாள். நான் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தேன். இதில் புதிதாக எதுவும் இல்லை, இவ்வளவையும் ஏற்கெனவே பெரிய அளவில் நிரூபித்தாகிவிட்டது, கட்டுரையாசிரியருக்கு அந்த அமெரிக்கரின் ஆய்வு சரியாகப் புரியவில்லை போலிருக்கிறது, முக்கியமாக அதன் நான்காம் பகுதியை அவர் கவனமாகப் படிப்பது நல்லது என்று எழுதியிருந்தார்கள்.

"இப்பவே எழுது ரோஸி" என்று கத்தினேன். "அந்தப் பகுதியே நான் சொல்லி வந்ததுன்னு எழுது."

"ரெஃப்ரீ யாருன்னு வெளியில சொல்லக் கூடாதுங்க. அப்படி ஒத்துக்கிட்டுத்தான் செஞ்சேன்."

"நீ ஒத்துக்கிட்டதுக்கு அவனுங்க உனக்கு என்ன செஞ்சானுங்க?"

அவள் போனை மறுபடி எடுத்து அந்தக் கடைசி வரியை மட்டும் இன்னொரு தடவை படித்தாள்.

"படிச்சிருக்கேன்ங்க" என்றாள். "நாலாம் பகுதியை நான் நல்லாவே படிச்சிருக்கேன்."

சொல்லிவிட்டு, அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.